இரண்டே டயர் போதும் என்றவர்

1994 மே 29, ஞாயிறு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சார்லட் நகரை ஒட்டிய ரேஸ் மைதானம். வெயிலில் தொடங்கிய பந்தயம் விளக்கு வெளிச்சத்துக்குள் நுழைந்துவிட்டது. ஒன்றரை மைல் வட்டத்தை 400 முறை சுற்ற வேண்டும். மொத்தம் 600 மைல். நம் கணக்கில் சுமார் 966 கிலோமீட்டர். நாஸ்கார் எனப்படும் அமெரிக்கக் கார் பந்தயங்களில் இதைவிட நீளமானது கிடையாது. மணிக்கணக்கில் ஓடிக் களைத்த கார்கள் கடைசி முறையாக டயர் மாற்றவும் பெட்ரோல் நிரப்பவும் உள்ளே வருகின்றன. அன்று நெடுநேரம் முன்னால் ஓடியவர் ரஸ்டி வாலஸ். அவர் காருக்கு நான்கு டயரையும் மாற்றி அனுப்பினார்கள். அதுதான் வழக்கம், அதுதான் பத்திரமான வழியும்கூட.

அடுத்து 24ஆம் எண் கார் வந்தது. ஓட்டியவர் 22 வயது ஜெஃப் கார்டன். நாஸ்காரின் உயர்மட்டத் தொடரில் புள்ளிக் கணக்கில் சேரும் பந்தயம் ஒன்றைக்கூட அவர் அதுவரை ஜெயித்ததில்லை. டயர் மாற்றும் இடத்தை ஒட்டிய தடுப்புச் சுவருக்கு இந்தப்பக்கம், காதில் ஹெட்ஃபோனுடன் நின்றவர் 36 வயது ரே எவர்ன்ஹாம். நான்கு வேண்டாம், இரண்டே டயர் போதும் என்று முடிவெடுத்தார். நான்கு மாற்றினால் பிடிமானம் கூடும். இரண்டு மாற்றினால் நேரம் மிச்சம். மிச்சப்பட்ட சில நொடிகளில் கார்டன் வாலஸுக்கு முன்னால் போய்விட்டார். பாதிப் பழைய டயர்களோடு கடைசிச் சுற்றுகளை அவர் தாக்குப்பிடிப்பாரா என்பதுதான் கேள்வி. தாக்குப்பிடித்தார். கோப்பை மேடையில் அந்தப் பையன் அடக்க முடியாமல் அழுத காட்சியை அமெரிக்கா இன்றும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது.

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அழுதவரைப் பற்றி அல்ல. சுவரோரம் நின்றவரைப் பற்றி. மூன்றாண்டுகளுக்கு முன்வரை எவர்ன்ஹாமும் ஒரு டிரைவர். ஸ்டியரிங்கை விட்டு அவர் விரும்பி இறங்கவில்லை.

சாராயக் காரும் சாதா காரும்

எவர்ன்ஹாமின் கதைக்குள் போகுமுன் அவருடைய விளையாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் கார் பந்தயம் என்றால் ஃபார்முலா ஒன்றுதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கார் பந்தயம் என்றால் ஸ்டாக் கார். ஸ்டாக் என்றால் கடையில் இருப்பில் உள்ள சரக்கு. அதாவது யாரும் காசு கொடுத்து வாங்கக்கூடிய சாதாரண கார். மதுவிலக்குக் காலத்திலும் அதற்குப் பிறகும் மலைப்பாதைகளில் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள், போலீசிடம் பிடிபடாமல் இருக்கத் தங்கள் கார்களின் எஞ்சினையும் ஸ்பிரிங்குகளையும் ராவோடு ராவாக மாற்றி அமைத்தார்கள். யார் கார் வேகம் என்ற சண்டை ஞாயிற்றுக்கிழமை மண் மைதானங்களில் பந்தயமாயிற்று. 1948இல் பில் ஃபிரான்ஸ் என்பவர் அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்து நாஸ்கார் அமைப்பைத் தொடங்கினார். இன்றைய நாஸ்கார் காருக்கும் ஷோரூம் காருக்கும் வெளித்தோற்றம் தவிரச் சொந்தம் எதுவும் கிடையாது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பெரும்பாலும் முட்டை வடிவ மைதானம். இடப்பக்கமே திரும்பித் திரும்பி ஓட வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நானும் ஒருகாலத்தில் கேட்டிருக்கிறேன். மணிக்கு 290 கிலோமீட்டர் வேகத்தில், பக்கத்துக் காருக்கும் நமக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியோடு, அறுநூறு மைல் திரும்பிக்கொண்டே இருப்பதை ஒருமுறை பொறுமையாகப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. வலப்பக்க டயர்கள்தான் பாரத்தைத் தாங்கித் தேயும். பெட்ரோல் குறையக் குறைய காரின் எடை மாறும். சூரியன் சாய்ந்து தரை குளிர்ந்தால் பிடிமானம் மாறும். மதியம் நன்றாக ஓடிய அதே கார் மாலையில் முரண்டு பிடிக்கும்.

அந்த முரண்டுக்கு அவர்களிடம் இரண்டே சொற்கள்தான்: ‘லூஸ்’, ‘டைட்’. வளைவில் காரின் பின்பகுதி வெளியே வழுக்கினால் லூஸ். ஸ்டியரிங்கைத் திருப்பியும் முன்பகுதி திரும்ப மறுத்து நேரே சுவரைப் பார்த்துப் போனால் டைட். ஓடும் காரிலிருந்து கணினிக்குத் தகவல் அனுப்பும் கருவிகளைப் பந்தயத்தில் பயன்படுத்த அன்று அனுமதி கிடையாது. அந்தக் கார்களில் வேகமானி இல்லை. பெட்ரோல் அளவைக் காட்டும் முள்கூட இல்லை. டிரைவர் தன் உடம்பால் உணர்ந்ததை ரேடியோவில் சொல்வார். அதைக் கேட்டு, எந்த டயரில் எவ்வளவு காற்றைக் குறைப்பது, பின்கண்ணாடி வழியே நீளமான ஸ்பேனரை விட்டு ஸ்பிரிங்கின் அழுத்தத்தை எத்தனை திருகு ஏற்றுவது, பெட்ரோல் இன்னும் எத்தனை சுற்றுக்குத் தாங்கும் என்றெல்லாம் நொடிகளில் முடிவெடுப்பவர் ஒருவர். அவரைத்தான் க்ரூ சீஃப் என்கிறார்கள். காரைக் கட்டுவதும் அவர் பொறுப்பு, ஆட்களைக் கட்டி மேய்ப்பதும் அவர் பொறுப்பு, தோற்றால் பதில் சொல்வதும் அவரே. 1990இல் வந்த ‘டேஸ் ஆஃப் தண்டர்’ படத்தில் டாம் குரூஸை அதட்டி வழிநடத்தும் பெரியவராக ராபர்ட் டுவால் வருவாரே, அந்த வேலைதான்.

திருவாரூர்த் தேரை இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். தேர் எந்தப் பக்கம் திரும்பும், எங்கே நிற்கும் என்பது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலரின் கையில் இருக்கிறது. க்ரூ சீஃபை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம் வருகிறது.

டிரைவராக இருந்து இந்த இடத்துக்கு வந்தவர்கள் எவர்ன்ஹாமுக்கு முன்னும் உண்டு. காட்டன் ஓவன்ஸ் ஓட்டுவதைக் குறைத்துக்கொண்டு காரைத் தயாரிக்க உட்கார்ந்தார். அவர் தயாரித்த டாட்ஜ் காரில் டேவிட் பியர்சன் 1966இல் சாம்பியன் ஆனார். ஜூனியர் ஜான்சன் 50 பந்தயங்களை ஜெயித்த கையோடு ஓட்டுவதை நிறுத்தி, அணி நடத்தி ஆறு சாம்பியன் பட்டங்கள் வாங்கினார். அவர்கள் பெயர் வாங்கிய டிரைவர்கள். எவர்ன்ஹாம் பெயர் வாங்காத டிரைவர். அதனால்தான் அவர் கதை எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

எல்லாக் காரும் ஒன்றுபோல்

எவர்ன்ஹாம் 1957 ஆகஸ்டில் பிறந்தவர். சொந்த ஊர் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹேஸ்லெட். நாஸ்காரின் இதயம் வட கரோலினா. நியூ ஜெர்சிக்காரர் அங்கே வெளியூர் ஆள்தான். ‘மாடிஃபைட்’ என்று ஒரு வகைக் கார் உண்டு. மேல்தகடுகளைக் குறைத்து, சக்கரங்களை வெளியே தெரிய விட்டு, உள்ளூர்ப் பட்டறைகளில் கட்டப்படும் முரட்டுக் கார். ஹேஸ்லெட்டிலிருந்து அதிக தூரமில்லாத வால் ஸ்டேடியத்தில், மூன்றில் ஒரு மைல் நீளமே உள்ள சரிவான வட்டத்தில், எவர்ன்ஹாம் அந்த வகைக் காரை ஓட்டினார். பகலில் பட்டறை, வார இறுதியில் பந்தயம். தன் காரைத் தானே கட்டி, தானே ஓட்டி, தானே இடித்து, தானே சரிசெய்யும் வாழ்க்கை.

வயிற்றுப்பாட்டுக்குக் கிடைத்த வேலைதான் அவருக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது. ஐராக் என்றொரு போட்டித் தொடர் இருந்தது. பல வகைப் பந்தயங்களின் சாம்பியன்களைக் கூட்டி வந்து, அத்தனை பேருக்கும் ஒரே மாதிரிக் கார் கொடுத்து ஓடவிட்டு, இவர்களில் உண்மையிலேயே சிறந்த டிரைவர் யார் என்று பார்க்கும் போட்டி. அந்தக் கார்கள் நியூ ஜெர்சியில்தான் தயாராயின. எவர்ன்ஹாம் அங்கே சேசிஸ், அதாவது காரின் அடிச்சட்ட வல்லுநர். அவருடைய வேலை, எந்தக் காரும் இன்னொரு காரைவிட இம்மியும் கூடவோ குறையவோ இல்லாமல் பார்த்துக்கொள்வது.

பத்துப் பன்னிரண்டு கார்களையும் ஒன்றுபோல் ஆக்க வேண்டுமென்றால், ஒரு காரை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்துவது எது என்று அடிமுதல் நுனிவரை தெரிந்திருக்க வேண்டும். ஸ்பிரிங்கில் எவ்வளவு, டயரின் சுற்றளவில் எவ்வளவு, எடை எந்த மூலையில் எவ்வளவு என்று வேறுபாட்டின் வேரையெல்லாம் தேடித் தேடிப் பிடுங்குவதே அவருக்குத் தினசரி வேலை. பிற்காலத்தில் ஒரே ஒரு காரை மற்ற 40 கார்களைவிட வேகமாக ஆக்கும் பொறுப்பு வந்தபோது, அந்த வேர்கள் எங்கே இருக்கின்றன என்று அவர் தேட வேண்டியிருக்கவில்லை.

ஐராக்கில் இன்னொரு பாடமும் கிடைத்தது. டேல் எர்ன்ஹார்ட் போன்ற பெரிய டிரைவர்கள் காரைச் சோதித்துவிட்டு வந்து சொல்வதை அவர் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே காரை ஒருவர் லூஸ் என்பார், இன்னொருவர் நன்றாக இருக்கிறது என்பார். டிரைவர் சொல்வதற்கும் கார் செய்வதற்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க அங்கே பழகினார். தானும் ஓட்டுபவர் என்பதால் அந்தப் பேச்சு அவருக்குத் தாய்மொழி போல விளங்கியது.

1990இல் அவர் முன் ஒரு பையன் வந்து நின்றான். கலிஃபோர்னியாவில் பிறந்து, இண்டியானாவுக்குக் குடிபெயர்ந்து, சின்னக் கார்களில் கலக்கிய 19 வயது ஜெஃப் கார்டன். நாஸ்காரின் இரண்டாம் நிலைத் தொடரான புஷ் போட்டியில் ஓட்டிப் பார்க்க வந்திருந்தார். அரும்பு மீசை, கையில் பெரிய மனிதர் போல் ஒரு பெட்டி. திறந்தால் உள்ளே வீடியோ கேமும் ரேஸ் பத்திரிகையும் இருந்தனவாம். எவர்ன்ஹாமே பலமுறை சொல்லிச் சிரித்த கதை இது. அந்த அக்டோபரில் ராக்கிங்ஹாம் மைதானத்தில் நடந்த கார்டனின் முதல் புஷ் பந்தயத்தில் எவர்ன்ஹாம்தான் க்ரூ சீஃப். தகுதிச் சுற்றில் இரண்டாவது இடம். பந்தயத்தில் கார் இடித்து நொறுங்கியது. அதோடு அவரவர் வழியில் பிரிந்தார்கள்.

ஃப்ளெமிங்டனில் நின்ற ஓட்டம்

1991இல் நியூ ஜெர்சியின் ஃப்ளெமிங்டன் மைதானத்தில் எவர்ன்ஹாமின் மாடிஃபைட் கார் பெரிய விபத்தில் சிக்கியது. தலையில் பலத்த அடி. உயிர் தப்பினார், எழுந்து நடந்தார். ஆனால் ரேஸ் டிரைவருக்கு வேண்டிய பழைய கூர்மை திரும்பவில்லை. முப்பதுகளின் நடுவில், சின்ன வயதிலிருந்து தேடிய ஒரே வாழ்க்கை முடிந்துபோனது. அதே காலகட்டத்தில் கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. (பிள்ளை சிகிச்சையில் தேறி வளர்ந்து ஆளானார்.) ஒரு மனிதனுக்கு இதில் ஒன்றே தாங்க முடியாத பாரம். விபத்துக்குப் பின் அவர் ஊரைவிட்டுத் தெற்கே வேலை தேடிப் போனார்.

முதலில் சேர்ந்த இடம் ஆலன் குல்விக்கியின் அணி. குல்விக்கி இயந்திரப் பொறியியல் படித்தவர். அணி முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. காரைப் பற்றி எல்லாம் தனக்கே தெரியும் என்று நினைப்பவர். பெரும்பாலும் அது உண்மையும்கூட. அப்படிப்பட்டவரிடம் எவர்ன்ஹாம் போன்ற இன்னொரு பிடிவாதக்காரர் நிலைக்க முடியாது. 1992 டேடோனா பந்தய நாட்களிலேயே வேலையை விட்டுக் கிளம்பிவிட்டார். கிளம்பிய வழியிலேயே, பில் டேவிஸ் அணிக்காகப் புஷ் தொடரில் ஓட்டிக்கொண்டிருந்த கார்டனோடு மீண்டும் சேர வாய்ப்பு வந்தது.

அந்த மார்ச்சில் அட்லாண்டாவில் ஒரு காட்சி. பெரிய அணி ஒன்றின் முதலாளி ரிக் ஹெண்ட்ரிக் நடந்து போகிறார். ஒரு வெள்ளைக் கார் ஒவ்வொரு வளைவிலும் பின்பகுதி வழுக்க வழுக்கப் பறப்பதைப் பார்த்து, இந்தப் பையன் இப்போது இடிக்கப்போகிறான் என்று நின்றுவிட்டார். பையன் இடிக்கவில்லை, ஜெயித்தான். ஹெண்ட்ரிக் சில வாரங்களில் கார்டனை ஒப்பந்தம் செய்தார். கார்டன் கேட்ட நிபந்தனை, எவர்ன்ஹாம் தன்னோடு வர வேண்டும் என்பது. இருபது வயதில் அதைக் கேட்கத் தெரிந்ததுதான் கார்டனின் முதல் பெரிய வெற்றி என்பேன்.

அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம், நவம்பர் 15, அட்லாண்டா. நாஸ்காரின் பேரரசர் ரிச்சர்ட் பெட்டிக்கு அது கடைசி ஓட்டம். கார்டனுக்கு உயர்மட்டத்தில் அது முதல் ஓட்டம். பந்தயத்தை ஜெயித்தவர் பில் எலியட். ஆனால் ஒரு சுற்று கூடுதலாக முன்னணியில் ஓடிய கணக்கில், வெறும் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் பட்டத்தைக் கொண்டுபோனவர் குல்விக்கி. எவர்ன்ஹாம் விட்டுவந்த அதே முதலாளி. நான்கரை மாதம் கழித்து, 1993 ஏப்ரல் 1 அன்று, குல்விக்கி விமான விபத்தில் இறந்துபோனார். பட்டத்தை நூலிழையில் விட்ட எலியட்டின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் அவர் திரும்ப வருவார்.

வானவில் படை

1993 கசப்பான ஆண்டு. கார்டன் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார், சரி. ஆனால் கார்களை நொறுக்கித் தள்ளினார். புள்ளிப் பட்டியலில் 14ஆவது இடம். டிரைவருக்கு வேகம் இருக்கிறது, பொறுமை வர நாளாகும். அதுவரை தன் பக்கத்தில் என்ன செய்யலாம் என்று எவர்ன்ஹாம் பார்த்தார். அங்கிருந்துதான் அவருடைய பெரிய காரியம் தொடங்குகிறது.

டயர் மாற்றப் பிட்டுக்குள் வரும் காரை நோக்கிச் சுவரைத் தாண்டிக் குதிப்பவர்கள் அந்நாளில் ஏழு பேர். காரைத் தூக்கும் ஜாக்கி ஆள் ஒருவர், டயர் சுமப்பவர் இருவர், நட்டுகளைக் கழற்றி மாட்டுபவர் இருவர், பெட்ரோல் ஊற்றுபவர், வழியும் பெட்ரோலைப் பிடிப்பவர். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஐந்து நட்டு. வலப்பக்கம் முடித்து, காரை இறக்கி, ஓடிச் சுற்றி வந்து இடப்பக்கம். கார் அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 80 மீட்டர் ஓடும். மைதானத்தில் ஒரு நொடியை மீட்க ஒரு டிரைவர் உயிரைப் பணயம் வைத்துப் பல சுற்றுகள் போராட வேண்டும். பிட்டில் அதே ஒரு நொடியை நட்டுக் கழற்றும் கை மிச்சப்படுத்திவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. வர்ஜீனியாவின் வுட் சகோதரர்கள் 1960களிலேயே பிட் வேலையை ஒத்திகை பார்த்து நேரத்தைக் குறைத்தவர்கள். 1965 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் காருக்குப் பிட் வேலை பார்க்க அவர்களைத்தான் அழைத்தார்கள், கிளார்க் ஜெயித்தார். ஆனால் 1990களின் தொடக்கம்வரை பெரும்பாலான அணிகளில் வாரம் முழுக்கப் பட்டறையில் உழைத்த மெக்கானிக்குகளே ஞாயிற்றுக்கிழமை டயரும் மாற்றினார்கள். களைத்த உடம்பு, வயது ஏறிய உடம்பு, சில நேரம் தொப்பை விழுந்த உடம்பு.

எவர்ன்ஹாம் இரண்டு வேலைகளையும் பிரித்தார். கட்டுபவர் கட்டட்டும், குதிப்பவர் தனி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய ஆண்டி பாபதனாசியு பயிற்சியாளராக வந்தார். உடற்பயிற்சிக் கூடம், வாரநாட்களில் திரும்பத் திரும்ப ஒத்திகை, ஒவ்வொரு பிட்டையும் வீடியோ எடுத்து எந்தக் கால் எங்கே வீணாக நகர்ந்தது என்று போட்டுப் பார்ப்பது, ஒருவருக்கு அடிபட்டால் இறங்க மாற்று ஆள் என்று ஒரு விளையாட்டு அணியை நடத்துவதுபோல் நடத்தினார்கள். டூபாண்ட் பெயின்ட் நிறுவனம் விளம்பரதாரர் என்பதால் காரில் வானவில் வண்ணம். ஆட்களின் சீருடையிலும் அதுவே. ‘வானவில் வீரர்கள்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முதலில் மற்ற அணியினர் இளக்காரமாகப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அவர்களும் கல்லூரி விளையாட்டு வீரர்களைத் தேடிப் போனார்கள். இன்று எந்தப் பெரிய நாஸ்கார் அணியிலும் பிட்டில் குதிப்பவர்கள் முழுநேர விளையாட்டு வீரர்கள்தான். அவர்கள் வாங்கும் சம்பளத்துக்கு வழி போட்டவர்களில் முதன்மையானவர், ஓட்ட முடியாமல் போன ஒரு மாடிஃபைட் டிரைவர்.

பலன் 1994இல் தெரியத் தொடங்கியது. சார்லட்டில் அந்த இரண்டு டயர் முடிவு. அடுத்து ஆகஸ்ட் 6 அன்று இண்டியானாபொலிஸ் மைதானத்தில் ஸ்டாக் கார்கள் முதன்முதலாக ஓடிய பிரிக்யார்ட் 400. இரண்டரை லட்சத்துக்கும் மேலான கூட்டம். கடைசிச் சுற்றுகளில் எர்னி இர்வனின் டயர் பழுதாக, கார்டன் ஜெயித்தார். 1995இல் எர்ன்ஹார்டை 34 புள்ளிகளில் முந்திச் சாம்பியன். 1996இல் பத்துப் பந்தயம் ஜெயித்தும், இரண்டே பந்தயம் ஜெயித்த சக அணி வீரர் டெர்ரி லபாண்டிடம் 37 புள்ளியில் பட்டத்தை விட்டார்கள். வெற்றிகளைவிடச் சீரான ஓட்டத்துக்குப் புள்ளி தந்த காலம் அது. 1997இலும் 1998இலும் மீண்டும் சாம்பியன். 1998இல் மட்டும் 13 வெற்றி. பெட்டி 1975இல் வைத்த நவீன கால உச்சத்துக்குச் சமம்.

விதிப்புத்தகத்தின் ஓரம்

எவர்ன்ஹாமைப் புகழ்ந்துமட்டும் எழுதிவிட்டுப் போனால் அது நேர்மையாகாது. 1995 சார்லட் பந்தயத்தில் அவருடைய காரில் ஒப்புதல் பெறாத சக்கர ஹப் இருந்தது தெரியவந்து, நாஸ்கார் 60,000 டாலர் அபராதம் போட்டது. அந்நாளில் அது கேள்விப்படாத தொகை. தவறு தவறுதான். சக்கரத்தைத் தாங்கும் பாகம் டிரைவரின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் எனக்கு அதை மன்னிப்பது கடினமாகவே இருக்கிறது.

‘டி-ரெக்ஸ்’ கார் வேறு வகை. 1997 மே மாதம் சார்லட்டில் நடந்த ‘தி வின்ஸ்டன்’ சிறப்புப் பந்தயத்துக்கு ஹெண்ட்ரிக் அணியின் பொறியாளர் ரெக்ஸ் ஸ்டம்ப் ஒரு புதுச் சேசிஸை உருவாக்கினார். காரின் மேல் ‘ஜுராசிக் பார்க்’ டைனோசர் விளம்பரம். பெயர் இரண்டு காரணத்துக்கும் பொருந்தியது. விதிப்புத்தகத்தை வரிவரியாகப் படித்து, அது தடுக்காத ஒவ்வொரு இடத்திலும் கையை வைத்திருந்தார்கள். அந்த இரவில் மற்ற கார்கள் அதன் பக்கத்திலேயே வர முடியவில்லை. கார் ஜெயித்தது. இதை இனிக் கொண்டுவராதே என்று நாஸ்கார் சொல்லிவிட்டது. ஓட்டைகளை அடைக்க விதிகளும் மாறின. ஒரே ஒரு பந்தயம் ஓடி, ஜெயித்து, தடை வாங்கிய கார். ஐராக்கில் எல்லாக் காரையும் சமமாக்கக் கற்ற கை, சமமின்மை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று காட்டிய உச்சம் இது. இதை நான் குற்றத்தில் சேர்க்க மாட்டேன்.

1998 ஆகஸ்டில் நியூ ஹாம்ப்ஷயர் பந்தயத்திலும் கடைசிக் கட்டத்தில் இரண்டே டயர் மாற்றி கார்டன் ஜெயித்தபோது, போட்டி அணி முதலாளி ஜாக் ரூஷ் பொறுக்க முடியாமல், டயரில் ஏதோ ரசாயனம் பூசுகிறார்கள் என்று குற்றம் சாட்டினார். டயர்களை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். எதுவும் இல்லை.

முதலாளி நாற்காலி

1999 பிப்ரவரியில் டேடோனா 500 பந்தயத்தை கார்டன் இரண்டாம் முறை ஜெயித்தார். செப்டம்பரில் எவர்ன்ஹாம் ஹெண்ட்ரிக் அணியைவிட்டு விலகினார். அதுவரை அந்த இருவரின் கணக்கில் 47 வெற்றிகள், மூன்று பட்டங்கள். அடுத்த இரண்டு பந்தயங்களையும் பொறியாளர் பிரையன் வைட்செல்லின் பொறுப்பில் கார்டன் ஜெயித்தார். எவர்ன்ஹாம் கட்டிய வீடு, அவர் வெளியேறியதும் இடிந்துவிழவில்லை. எல்லாப் புகழும் பையனுக்கா, ஆசானுக்கா என்று அமெரிக்காவில் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். கார்டன் 2001இல் நான்காம் பட்டம் வாங்கி, மொத்தம் 93 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். ஆசான் இல்லாமலும் அவரால் ஜெயிக்க முடிந்தது என்பது ஆசானுக்கும் பெருமைதான்.

எவர்ன்ஹாம் விலகிய காரணம் டாட்ஜ். நெடுங்காலம் நாஸ்காரைவிட்டு ஒதுங்கியிருந்த அந்த நிறுவனம் 2001இல் திரும்பி வர முடிவெடுத்து, புதுக் காரை உருவாக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. கார் இல்லை, எஞ்சின் இல்லை, கட்டடம்கூட இல்லை; இருந்தவை ஐந்நூறு நாட்கள். அவர் தேர்ந்தெடுத்த மூத்த டிரைவர், 1992இல் பத்துப் புள்ளியில் பட்டத்தைத் தவறவிட்ட பில் எலியட். 2001 டேடோனா 500 தகுதிச் சுற்றில் எலியட் அந்தப் புது டாட்ஜில் முதலிடம் பிடித்தார். அந்தப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில்தான் டேல் எர்ன்ஹார்ட் இறந்தார். ஐராக் நாட்களில் எவர்ன்ஹாம் யார் பேச்சைக் கேட்டுக் குறித்துக்கொண்டாரோ, அந்த எர்ன்ஹார்ட். அந்த நவம்பரில் ஹோம்ஸ்டெட் மைதானத்தில் எலியட் ஜெயித்தார். 1994க்குப் பிறகு 226 பந்தயங்கள் தோற்றுத் தோற்று வந்த மனிதருக்கு அது மறுபிறவி. எவர்ன்ஹாமுக்கு முதலாளியாக முதல் வெற்றி.

அதன்பின் 2002 பிரிக்யார்ட் வெற்றி, 2006இல் கேஸி கேனின் ஆறு வெற்றிகள் என்று நல்ல நாட்கள் வந்தன. சாம்பியன் பட்டம் மட்டும் வரவில்லை. 2007இல் தொழிலதிபர் ஜார்ஜ் ஜில்லட்டுக்குப் பெரும்பங்கை விற்றார். என் கணிப்பு இது: முதலாளி நாற்காலி அவரைக் காரிலிருந்து தள்ளி வைத்துவிட்டது. டிரைவராக இருந்தபோது காரைத் தன் முதுகால் உணர்ந்தார். க்ரூ சீஃபாக இருந்தபோது கார்டனின் குரலால் உணர்ந்தார். வங்கிக் கணக்கையும் விளம்பரதாரர் கூட்டத்தையும் பார்த்துக்கொண்டு காரை உணர வழியில்லை.

நம் வாசகர்களுக்கு ஒரு செய்தி. இந்த உலகத்துக்குள் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரும் போய் வந்திருக்கிறார். ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் 2010இல் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓடினார். மார்ட்டின்ஸ்வில்லின் அரை மைல் வட்டத்தில் நடந்த முதல் பந்தயத்தில் 13ஆம் இடம். அந்த ஆண்டு ரசிகர் வாக்கில் தொடரின் மிகப் பிரபலமான டிரைவரும் அவர்தான். நாஸ்காரில் ஓடிய முதல் இந்தியர். லூஸ், டைட் என்று ரேடியோவில் சொல்லி, சுவருக்கு அந்தப்பக்கம் ஒருவர் அதைப் புரிந்துகொள்வாரா என்று காத்திருந்த அனுபவம் அவருக்கும் உண்டு.

2018 ஜனவரியில் எவர்ன்ஹாமை நாஸ்கார் புகழரங்கில் சேர்த்தார்கள். பழைய கார்களைத் தேடிப்பிடித்து உயிர்கொடுக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றையும் நடத்தினார். பிறகு, முன்னாள் சாம்பியன் டோனி ஸ்டூவர்ட்டோடு சேர்ந்து எஸ்ஆர்எக்ஸ் என்ற கோடைத் தொடரை 2021இல் தொடங்கினார். சின்னச் சின்ன உள்ளூர் மைதானங்கள், பல வகைப் பந்தயங்களின் பழைய வீரர்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கார். காரை வடிவமைத்தவர் எவர்ன்ஹாம். சில ஆண்டுகளில் அந்தத் தொடர் நின்றுபோனது.

அவரை உருவாக்கிய ஐராக் தொடர் 2006ஆம் ஆண்டோடு முடிந்திருந்தது. அந்தப் பெயரின் உரிமையை இன்னொரு பங்காளியோடு சேர்ந்து எவர்ன்ஹாம் பிறகு விலைக்கு வாங்கினார்.